417-க்குப் போகாத எட்டுப் பெட்டிகள்

மழைக்காலத்தில் பலகையில் அடித்த கறுப்பு மை காய முழுதாக ஒரு நாள் ஆகும், சார். குன்னத்துகால் பக்கம் ரப்பர் மரங்கள் நெருங்கி நிற்பதால் காற்றில் எப்போதும் ஈரம் உண்டு. அதனால் பெட்டிகளுக்கு நம்பர் எழுதுகிற வேலையைக் காலையிலேயே முடித்துவிடச் சொல்வேன். காயாமல் லாரியில் ஏற்றினால் ஒரு பெட்டியின் எழுத்து அடுத்த பெட்டியில் ஒட்டிக்கொள்ளும், போகிற வழியில் ஆட்கள் குழம்புவார்கள். பதினொரு வருஷத்தில் அப்படி ஒரு குழப்பம் என் கையால் வந்ததில்லை.

ஒன்றையும் விடாமல் முதலிலிருந்து சொல்லச் சொன்னீர்கள். சொல்கிறேன்.

என் பெயர் எலியா. வீடு பாறசாலை ஸ்டேஷனுக்குக் கிழக்கே. பட்டாளத்தில் சப்ளைப் பிரிவில் இருபது வருஷம் இருந்து ஹவில்தாராக வெளியே வந்தேன். பிறகு இந்தக் கம்பெனி. இங்கே பனிமலையில் போடுகிற பூட்ஸ் செய்கிறார்கள், வெளியே ரப்பர், உள்ளே கம்பளி. செய்வது வேறு ஆட்கள். செய்த பூட்ஸ் சேரவேண்டிய காலுக்குப் போய்ச் சேருகிறதா என்று பார்ப்பது நான்.

அது லேசான வேலை இல்லை. பட்டாளத்தின் ஒவ்வொரு டிப்போவுக்கும் ஒரு நம்பர். பெட்டி இங்கிருந்து லாரியில் கிளம்பி, அமரவிளை செக்போஸ்டில் முத்திரை வாங்கி, திருவனந்தபுரத்தில் ரயில் ஏறும். வடக்கே போய்ச் சேர்வதற்குள் நாலு இடத்தில் வண்டி மாறும். என் மேஜைக்கு மேலே ஒரு பலகை, அதில் ஒவ்வொரு சரக்குத் தொகுதிக்கும் ஒரு அட்டை. எந்த ரயில் யார்டிலிருந்து தகவல் வந்தாலும் அட்டையை ஒரு ஆணி தள்ளி மாட்டுவேன். ஒரு பெட்டி காணாமல் போனால் போனிலும் தந்தியிலும் தேடிப் பிடிப்பேன். தாள்களைத் தனி உறையில் போட்டு அனுப்புவோம், ஆனால் பாதி வழிக்கு மேல் யாரும் உறையைப் பிரிப்பதில்லை. வண்டி மாற்றுகிற கூலியாள் பெட்டியில் எழுதின நம்பரைத்தான் பார்ப்பான். இதைத் தெரிந்தவன் இந்தக் கம்பெனியில் நான் ஒருவன்தான்.

எழுதுகிறவன் சதாசிவன். பெட்டிக்கு ஆணி அடிப்பதும் எண் வெட்டின தகட்டை வைத்து மை தடவுவதும் அவன் வேலை. எங்கள் வீட்டுக்கும் அவன் வீட்டுக்கும் நடுவில் ஒரு வாழைத் தோட்டம்தான். அவன் மகன் சஜியும் என் மகன் நிஜினும் ஒரே வகுப்பு. தொண்ணூற்று மூன்றில் திருவனந்தபுரத்தில் பட்டாளத்துக்கு ஆள் எடுத்தபோது இரண்டு பேரையும் நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். சஜி ஓடினான், குதித்தான், எல்லாவற்றிலும் முதலில் வந்தான். நிஜினுக்குச் சின்ன வயதிலிருந்தே இழுப்பு. குளிர்காற்று பட்டால் நெஞ்சு விசில் அடிக்கும். மருத்துவப் பரிசோதனையில் எனக்குத் தெரிந்த ஒருவர் இருந்தார். அவரிடம் ஒரு வார்த்தை சொன்னேன். நிஜினும் தேறிவிட்டான்.

கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. அவன் போட்டோ ஸ்டுடியோ வைக்கவேண்டும் என்று திரிந்தான். ஒரு ஆண்பிள்ளை ஊரில் கேமராவைத் தூக்கிக்கொண்டு கல்யாண வீடு கல்யாண வீடாக அலைவதா என்று எனக்குத் தோன்றியது. பட்டாளம் என்றாலும் சமவெளியில் எங்காவது போடுவார்கள் என்று நினைத்தேன். இரண்டு பேருக்கும் ஒரே பட்டாலியன் கிடைத்தது, அதற்குள் பிரிவு வேறு. இரண்டு வருஷம் கழித்து அந்தப் பட்டாலியனைப் பனிமலைக்கு அனுப்பினார்கள்.

செப்டம்பரில் நிஜினுடைய கடிதம் வந்தது. அக்டோபர் நடுவில் தங்கள் ஆட்கள் அறுபத்து நாலு பேர் உச்சியில் இருக்கிற காவல் நிலைக்கு ஏறவேண்டும், இப்போது அடிவாரத்தில் பூட்ஸுக்காகக் காத்திருக்கிறோம் என்று எழுதியிருந்தான். மூச்சைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை. அவன் அம்மா சரோஜம் கடிதத்தை இரண்டு முறை வாசித்தாள்.

"பிள்ளைக்க இழுப்பு ஒங்களுக்குத் தெரியாதா?" என்று கேட்டாள். "அங்க மூச்சு எடுக்க காத்து இல்லைன்னாக்கும் எல்லாரும் பறையது. நீங்கதான கூட்டிட்டுப் போனிய. நீங்களே கூட்டிட்டு வாங்க."

அவ்வளவுதான் சொன்னாள். அதற்குப் பிறகு என்னோடு உட்கார்ந்து சாப்பிடவில்லை.

நான் எல்லா வழியும் யோசித்தேன், சார். இழுப்பு இருக்கிறது என்று எழுதிப் போட்டால் மறைத்ததற்கு அவனைத் தண்டிப்பார்கள், பரிசோதனையில் உதவினவரையும் பிடிப்பார்கள். எனக்குத் தெரிந்த பழைய ஆபீசர் ஒருவருக்கு எழுதினேன். பதில் இல்லை. நெய்யாற்றின்கரையில் ஒரு டாக்டரிடம் போய், அவன் அம்மாவுக்குச் சாகக் கிடக்கிற நோய் என்று ஒரு சர்ட்டிபிகேட் கேட்டேன். அவர் எழுந்து கதவைக் காட்டினார். சபையில் ஜெபம் பண்ணினோம். ஒன்றும் நகரவில்லை.

அந்த வாரம்தான் 417-ஆம் டிப்போவின் ஆர்டர் என் மேஜைக்கு வந்தது. அறுபத்து நாலு ஜோடி, எட்டுப் பெட்டி. பட்டாலியன் பெயரைப் பார்த்தேன். நிஜினுடைய ஆட்களுக்குத்தான்.

பனிமலையில் ஒரு சட்டம் உண்டு, உங்களுக்கே தெரியும். பூட்ஸ் முழுக் கணக்கில் வந்து சேராமல் ஒருவனையும் மேலே ஏற்றக்கூடாது. இந்தத் தடவை எல்லா டிப்போவிலும் தட்டுப்பாடு. வேறு எங்கேயும் கடன் வாங்க முடியாது. பூட்ஸ் வராவிட்டால் நிஜின் அடிவாரத்திலேயே இருப்பான். குளிர் முற்றிவிட்டால் பாதை மூடிவிடும், வசந்தம் வரை யாரும் ஏறமாட்டார்கள். வசந்தத்துக்குள் ஒரு வழி பிறக்காதா என்று நினைத்தேன்.

கிழக்கே மழைக்காடுகளில் ஒரு டிப்போ இருக்கிறது. அதன் நம்பர் 471.

காலையில் சதாசிவன் தகட்டை எடுத்துக்கொண்டு வந்து நின்றான். "அண்ணா, நம்பர் பறையுங்க."

"நாலு ஏழு ஒண்ணு."

"போன தடவ நாலு ஒண்ணு ஏழுல்லா?"

"அது போன தடவ. இது நாலு ஏழு ஒண்ணு ஆக்கும்."

அவன் தலையாட்டிவிட்டுப் போனான். சதாசிவன் எழுத்து அழகாக இருக்கும், ஓரம் கசியாது. நான் ரெஜிஸ்டரில் 417 என்று எழுதினேன். உறைக்குள் வைத்த தாளிலும் 417. நாளைக்கு யாராவது கேட்டால் தாள் சரியாக இருக்கவேண்டும். தாள் சரியாக இருந்தால் தப்பு யார்மேல் போகும் என்று அப்போதே யோசித்தாயா என்று சற்று முன்னால் கேட்டீர்கள். யோசித்தேன். ஒரு நம்பர் மாறி எழுதினதற்கு ஒருவனை என்ன செய்துவிடுவார்கள், திட்டுவார்கள், ஒரு வாரம் வேலைக்கு வரவேண்டாம் என்பார்கள், அவ்வளவுதான் என்று நினைத்தேன். அவன் தாங்குவான் என்று நினைத்தேன்.

அமரவிளை செக்போஸ்டில் கிருஷ்ணன்குட்டி என்று ஒருவர் முத்திரை போடுவார். தாளையும் பெட்டியையும் ஒத்துப் பார்க்கிற ஆள் அவர் ஒருவர்தான். அன்றைக்கு நானே லாரியில் கூடப் போனேன். அவரைக் கடைக்குக் கூட்டிப்போய்ச் சாயா வாங்கிக் கொடுத்துப் பேசிக்கொண்டே முத்திரை போட வைத்தேன். லாரி போனது. திரும்பி வந்து அட்டையை முதல் ஆணியில் மாட்டினேன்.

அக்டோபர் ஆறாம் தேதி கிழக்கேயிருந்து தந்தி வந்தது. எட்டுப் பெட்டி பூட்ஸ் வந்திருக்கிறது, எங்களுடையது இல்லை, என்ன செய்ய என்று கேட்டிருந்தார்கள். அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். பத்தாம் தேதி 417-லிருந்து தந்தி, சரக்கு வரவில்லை. அனுப்பியாயிற்று, தேடுகிறோம் என்று பதில் போட்டேன். தேடவும் செய்தேன், சார். பெட்டிகள் போகாத யார்டுகளுக்கெல்லாம் போன் பண்ணினேன். அட்டையையும் ஆணி ஆணியாக மாட்டி வைத்தேன். பார்த்தவர்கள் எலியா எவ்வளவு கஷ்டப்படுகிறார் என்று சொன்னார்கள்.

இருபதாம் தேதி சதாசிவன் மனைவி விஜயம்மா வந்தாள். சஜி எழுதின கடிதம் கையில் இருந்தது. பட்டாளத்துக் காரியம் என்றால் அவர்கள் என்னிடம்தான் கேட்பார்கள்.

"அண்ணா, இவன் எழுதியிருக்கது எனக்கு வெளங்கல்ல," என்றாள். "மேல உள்ளவங்க எறங்கணும்னா கீழ உள்ளவங்க ஏறணுமாம். ஏறுகவங்களுக்குப் பூட்ஸ் வரல்லியாம். தங்கச்சி ரேஷ்மிக்க கல்யாண நிச்சயத்துக்கு வாறேன்னு பறைஞ்சவன், இப்ப எப்ப வருவேன்னு தெரியாதுன்னு எழுதியிருக்கான்."

கடிதத்தை வாங்கி வாசித்தேன். தன்னுடைய பூட்ஸ் கிழிந்து உள்ளே ஈரம் இறங்குகிறது, இடது காலில் இரண்டு விரலுக்கு உணர்ச்சி இல்லை, அம்மாவிடம் சொல்லவேண்டாம் என்று அப்பாவுக்கு ஒரு வரி இருந்தது. அவள் அதையும் வாசித்திருந்தாள்.

"நம்ம கம்பெனிப் பூட்ஸ்தான அண்ணா? அவரு அடிச்ச பெட்டிதான? நீங்க ஒண்ணு பாக்கணும்."

"பாக்கேன், மக்கா."

"நீங்க பாத்தா கிட்டும்."

கிழக்கேயிருந்து வந்த தந்தி அப்போது என் சட்டைப் பையில்தான் இருந்தது. ஒரு வரி பதில் அனுப்பியிருந்தால் பெட்டிகள் ஒன்பது நாளில் அடிவாரம் போயிருக்கும்.

அவள் போன பிறகு நிதானமாக யோசித்தேன். சரக்கு குறைவாக இருக்கும்போது யாருக்கு முதலில், யாருக்குப் பிறகு என்று பார்த்துப் பிரிப்பது எங்கள் தொழிலில் உள்ளதுதான். தாங்கக்கூடியவனைக் காக்க வைக்கவேண்டும், தாங்கமுடியாதவனுக்கு முதலில் கொடுக்கவேண்டும். சஜிக்கு நல்ல உடம்பு. பாறசாலையிலிருந்து குன்னத்துகால் வரை ஓடி வந்துவிட்டு மூச்சு வாங்காமல் பேசுவான். இரண்டு விரல் போனாலும் உயிரோடு வருவான். நிஜின் ஏறினால் முதல் வாரமே போய்விடுவான். இப்படி வைத்துப் பார்த்தால் சஜி காத்திருப்பதுதான் சரி என்று பட்டது. இதில் பகை இல்லை. அந்தப் பிள்ளைக்கு ஞாயிற்றுக்கிழமைதோறும் எங்கள் வீட்டில்தான் மத்தியானச் சோறு.

ஒன்பதாவது நாள் விஜயம்மா மறுபடியும் வந்தாள். "கிட்டிச்சா அண்ணா?" என்று கேட்டாள். "வழியில உண்டு," என்றேன். அதற்குப் பிறகு நவம்பர் முழுவதும் வாழைத் தோட்டத்தின் அந்தப் பக்கம் நின்று என் முகத்தைப் பார்ப்பாள். நான் தலையாட்டுவேன். அவள் உள்ளே போய்விடுவாள்.

சஜி நவம்பர் இருபத்தேழாம் தேதி இறந்தான். கால் கறுத்து, விஷம் இரத்தத்தில் ஏறியிருக்கிறது. ஆறு நாள் பனிக்காற்று நிற்காததால் ஹெலிகாப்டர் இறங்க முடியவில்லை. உடல் திருவனந்தபுரத்துக்கு விமானத்தில் வந்து, அங்கிருந்து பட்டாள வண்டியில் அமரவிளை வழியாக வந்தது. ஊரில் பட்டாளத்து ஆள் என்று என்னைத்தான் முன்னால் விட்டார்கள். பெட்டியை நான்தான் கையெழுத்துப் போட்டு வாங்கினேன். பெயர், நம்பர், ஊர், எல்லாம் தாளில் உள்ளபடியே பெட்டியிலும் சரியாக இருந்தது. ஒத்துப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன்.

சஜி இறந்த பிறகு அங்கே யாரும் சட்டம் பார்க்கவில்லை. பாதையும் இந்தத் தடவை மூடவில்லை. பத்துப் பத்துப் பேராக இறங்கிவர, அவர்கள் கழற்றிக் கொடுத்த பழைய பூட்ஸை மாட்டிக்கொண்டு பத்துப் பத்துப் பேராக ஏறினார்கள். டிசம்பர் நடுவுக்குள் அறுபத்து நாலு பேரும் ஏறிவிட்டார்கள். நிஜினும் ஏறினான். அக்டோபரில் ஏறியிருந்தால் ஜனவரிக்கு முன்னால் இறங்கியிருப்பான் என்று சரோஜம் சொல்கிறாள். அவளுக்குப் பெட்டி விஷயம் தெரியாது. நாளை எண்ணிச் சொல்கிறாள், அவ்வளவுதான்.

அதற்குள் கிழக்கே கிடந்த பெட்டிகளைப் பட்டாள விசாரணைக்கு வந்த உங்கள் ஆட்கள் கண்டுபிடித்து, சாட்சிப் பொருளாக அங்கேயே பிடித்து வைத்தார்கள். தாளில் 417, பெட்டியில் 471. நீங்கள் வந்தீர்கள். கிடங்குக்குச் சீல் வைத்தீர்கள். எழுதின கை யாருடையது என்று கேட்டீர்கள். சதாசிவன் முன்னால் வந்து, "எனக்க கைதான் சார்," என்றான்.

அன்று சாயங்காலம் அவன் என் வீட்டுக்கு வந்தான். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"அண்ணா, அண்ணைக்கு நீங்க எந்த நம்பராக்கும் பறைஞ்சிய?"

"நாலு ஒண்ணு ஏழு."

அவன் தன் வலது கையைப் பார்த்தான். "நான் திரும்பக் கேட்ட மாதிரி ஒரு ஓர்ம உண்டு," என்றான்.

"கேட்டே. நான் நாலு ஒண்ணு ஏழுன்னுதான் பறைஞ்சேன். ஒனக்குக் கேட்டது தப்பிப்போச்சு, சதாசிவா."

"அப்பம் நானாக்கும் எனக்க மவனக் கொன்னது."

அவன் வாழைத் தோட்டத்து வழியாகத் திரும்பிப் போனான். மறுநாள் முதல் வேலைக்கு வரவில்லை. விஜயம்மா அவனுக்குச் சோறு வைக்கிறாள், பேசுவதில்லை. ரேஷ்மியை மாமன் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

தப்பு தன்னுடையது என்று அவன் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தந்தால் விசாரணை முடியும் என்று நீங்கள் சொன்னீர்கள். முடிகிற வரைக்கும் கிடங்கிலிருந்து ஒரு பெட்டியும் வெளியே போகாது என்றும் சொன்னீர்கள். போன வாரம் நானே அந்த வாக்குமூலத்தை எழுதி எடுத்துக்கொண்டு அவன் வீட்டுக்குப் போனேன். அவனுக்காக எழுதினது, மரியாதையாகத்தான் எழுதியிருந்தேன். பேனாவை அவன் விரலுக்குள் வைத்தேன். விரல் மடங்கவில்லை. மறுபடியும் வைத்தேன். கீழே விழுந்தது. சுவரோரம் நின்று விஜயம்மா பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவருக்கு முடியாது அண்ணா," என்றாள். "பத்து நாளா அந்தக் கையால ஒண்ணும் எடுக்கல்ல. நானாக்கும் வாரிக் கொடுக்கேன்."

மூன்று நாள் காத்திருந்தேன். அவன் கை சரியாகவில்லை. அவன் கையெழுத்து இல்லாமல் உங்கள் விசாரணை முடியாது. பிறகு மிச்சம் இருப்பது நான் ஒருவன்தான். அதனால்தான் இன்றைக்குக் காலையில் நானே உங்கள் முன்னால் வந்து உட்கார்ந்தேன். மனசாட்சி உறுத்தி வந்தேன் என்று நீங்கள் எழுதிக்கொள்ளலாம், அதிலும் தப்பில்லை.

ஒரு காரியம் பாக்கி இருக்கிறது. சஜி மேலே இருக்கிறான் என்பது விஜயம்மா கடிதத்தைக் கொண்டு வந்தபோதுதான் எனக்குத் தெரியவந்தது என்று விசாரணையின் முதல் நாள் உங்களிடம் சொல்லியிருந்தேன். அது சரியில்லை. நிஜின் செப்டம்பரில் எழுதின கடிதத்திலேயே கடைசியில் ஒரு வரி உண்டு. மேலே சஜிதான் இருக்கிறான் அப்பா, நாங்கள் ஏறினால்தான் அவன் இறங்கமுடியும், அதனால் பூட்ஸைக் கொஞ்சம் சீக்கிரம் அனுப்புங்கள் என்று. அதை வாசித்துவிட்டுத்தான் சதாசிவனிடம் நம்பர் சொன்னேன். சஜியின் தகப்பன் கையாலேயே அதை எழுத வைத்தேன். எல்லாம் தெரிந்து செய்தது நான்தான். வேறு யாருக்கும் இதில் பங்கில்லை. ஒவ்வொரு தாளிலும் கையெழுத்துப் போட்டுவிட்டேன், பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி விசாரணைக்குப் பாக்கி ஒன்றும் இல்லை அல்லவா, சார்? அப்படியானால் கிடங்கின் சீலை இன்றைக்கே எடுத்துவிடலாம். உள்ளே எட்டுப் பெட்டி புதுப் பூட்ஸ் இருக்கிறது, கிழக்கே போனதற்குப் பதிலாக 417-க்கு மறுபடி செய்தது. நிஜின் இப்போது போட்டிருப்பது யாரோ கழற்றிக் கொடுத்த பூட்ஸ். அடிப்பாகம் பிளந்துவிட்டதாம், கால் மரத்துப்போகிறதாம். மூச்சு கொஞ்சம் முட்டுகிறது என்று இந்தத் தடவை அவனே எழுதியிருக்கிறான். லாரி நாலு மணிக்குள் கிளம்பினால் நாளைக் காலை வண்டியைப் பிடித்துவிடும். யார்டுக்கு யார்டு நீங்களே போன் பண்ணிக் கேளுங்கள், அட்டையை நம்பாதீர்கள். என் மேஜையில் நல்ல ஒரு ஆளைப் போடுங்கள், மற்ற வீட்டுப் பிள்ளையையும் தன் பிள்ளையாக நினைக்கிற ஆளாக இருக்கவேண்டும். இந்த வேலைக்கு அப்படிப்பட்டவன்தான் வேண்டும், சார். இத்தனை வருஷமும் நான் அப்படித்தான் பார்த்தேன்.